போருக்குப் பிறகு வரும் துப்பறிவாளர்கள்
முதல் உலகப்போரில் இருந்து திரும்பிய ஒருவர் துப்பறிவாளராக வரும் கதைகள் என்றால் எனக்கு உயிர். கொலையாளி யார் என்பதைவிட அந்த மனிதர் இன்று இரவு தூங்குவாரா என்பதுதான் என்னை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும். கதவு படாரென்று சாத்தினால் கை நடுங்கும், அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டே சாட்சியிடம் நிதானமாகக் கேள்வி கேட்க வேண்டும், மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

இதில் மிகை எதுவும் இல்லை. போர் அதிர்ச்சியால் மனமும் உடலும் நிலைகுலைந்துபோவதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் வந்ததே 1915இல்தான். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டாக்டர் ரிவர்ஸ் இப்படிப் பாதிக்கப்பட்ட ராணுவ அதிகாரிகளைப் பேசவைத்துக் குணப்படுத்த முயன்றுகொண்டிருந்தார், ஆனால் அதே அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்றிருந்த ஹாரி ஃபார் என்ற சாதாரண சிப்பாயைக் கோழை என்று சொல்லி 1916 அக்டோபரில் சுட்டே கொன்றார்கள். அவரையும் சேர்த்து 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்! தொண்ணூறு வருடம்.

அப்படிப்பட்ட காலத்து ஆள் ஒருவர் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார், அன்றைய பிரிட்டனில் கொலைக்குத் தூக்குதான், அதாவது இன்னொரு மரணத்துக்கு இவர்தான் வழிசெய்ய வேண்டும். அந்தத் தயக்கத்தை எழுதத் தெரிந்தவர்தான் எனக்கு எழுத்தாளர். முதல் அத்தியாயத்தில் கெட்ட கனவு, கடைசி அத்தியாயத்தில் காதல் வந்து எல்லாம் சரி என்று முடிப்பவர்களை அப்புறம் நான் தொடுவதே இல்லை.