சிங்கிளாகிப் போன ஹோம் ரன்

மகன் ஆடும் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தில் ஸ்கோர் எழுதுவது என் வேலை. பேஸ்பாலில் நான்கு பேஸ்களையும் (ஓடித் தொட வேண்டிய இடங்கள்) சுற்றி வந்தால் ஒரு ரன். போன சனிக்கிழமை ஆட்டம் சமநிலை, கடைசி இன்னிங்ஸ், மூன்றாம் பேஸில் ஒரு பையன். அடித்த பந்து வேலிவரை உருண்டது. அடித்தவன் இரண்டாம் பேஸுக்கே போய்விட்டான். நான் 'டபுள்' (இரண்டு பேஸ் அடி) என்று எழுதினேன். தப்பு! வென்ற ரன்னை எடுத்தவன் அந்த அடியில் எத்தனை பேஸ் நகர்ந்தானோ, அடித்தவனுக்கும் அதிகபட்சம் அவ்வளவுதான். மூன்றாம் பேஸ் பையன் நகர்ந்தது ஒரே பேஸ். அழித்து 'சிங்கிள்' (ஒரு பேஸ் அடி) ஆக்கினேன். பையனின் அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை.

பந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆனால் கதை வேறு, எல்லா ரன்னும் சேரும். ஆனால் எல்லா பேஸையும் ஓடி முடிக்க வேண்டும். 1999 அக்டோபர் 17, நியூயார்க் ஷே மைதானம், 15வது இன்னிங்ஸ். மெட்ஸ் அணியின் ராபின் வென்சுரா, மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க, வேலிக்கு மேல் அடித்தார். முதல் பேஸில் நின்றிருந்த டாட் பிராட், சந்தோஷத்தில் திரும்பி வந்து அவரைத் தூக்கிக்கொண்டார். வென்சுரா இரண்டாம் பேஸைத் தொடவே இல்லை. ஏட்டில் சிங்கிள், ஒரே ரன், 4-3.

2010இல் தம்புள்ளையில் நோபாலில் சிக்ஸர் அடித்தும், நோபால் ரன்னிலேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் கிரிக்கெட் வீரர் சேவாக் 99லேயே நின்றாரே, அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.