ஆயா போன அக்னி நட்சத்திரம்

மே 9
நேற்று சாயங்காலம் பாலாற்றங்கரையில் ஆயாவுக்கு எல்லாம் முடிந்தது. அப்பாவைப் பெற்றவள். கடைசி மகன் என்பதால் அப்பாதான் கொள்ளி வைத்தார். கருமாதி வரைக்கும் அவர் செருப்பு போடக்கூடாதாம்.

மே 10
தூக்கமில்லை. காட்பாடி முழுக்க அனல்.

மே 11
மத்தியானம் அப்பா வெறுங்காலோடு மாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டு இருந்தார். என்னால் அந்தத் தரையில் ஒரு நொடி நிற்க முடியவில்லை. அவர் நிதானமாக நிற்கிறார். சர்க்கரை வந்து எத்தனையோ வருஷமாகிறது, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆயா இருந்தால் இதை விட்டிருப்பாளா? 1962-இல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை கால் புண்ணுக்குக் கட்டுப்போட்டவள். விரலைத் தின்பது நோய் இல்லை, வலி தெரியாததால் படுகிற அடியும் சூடும்தான் என்று பால் பிராண்ட் டாக்டர் கண்டு சொன்னதை எங்களுக்குக் கதையாகச் சொல்வாள். ராத்திரி எலி கடித்தாலும் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். சின்ன வயதில் எங்களைத் தூங்க வைக்குமுன் உள்ளங்காலைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பாள். அதை அவள் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். பாசமும்தான்.

மே 13
குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காலில் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, உணர்ச்சியில்லாத பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது. வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறார். அத்தை கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். காபியை டபராவில் நாலு தடவை ஆற்றி, டம்ளரைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். குட்டையான விரல்கள், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே டம்ளர். “சிஸ்டரம்மா எங்க வூட்ல வந்து சோறு தின்னாங்க. எங்கண்ணனே தின்னல” என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். நானும்.

மே 15
கருமாதிப் பத்திரிகையில் கரிகிரி பெயர் வேண்டாம், ‘ஓய்வுபெற்ற செவிலியர்’ போதும் என்கிறார் பெரியப்பா. பேத்திக்கு வரன் பார்க்கிறார்களாம். 1980-களிலேயே கூட்டு மருந்து வந்து, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிற நோயாகி எவ்வளவு காலமாயிற்று! இன்னுமா? அவள் வாழ்ந்த இடமே அதுதானே. அத்தை பேசாமல் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மே 16
அப்பா கடைக்குப் போய்வந்தாராம். தார் ரோட்டில் நடந்தே.

மே 17
பயந்தது நடந்துவிட்டது. வலது பெருவிரலுக்குக் கீழே எட்டணா அளவு கொப்புளம். “எப்போ ஆச்சுன்னே தெரியலம்மா” என்கிறார். சாஸ்திரம் பேசிய பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தத் துணியால் தளர்வாகக் கட்டினேன். ஆயா இப்படித்தான் கட்டுவாள்.

மே 18
பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. கரிகிரி இருக்கிறது. அத்தையே அச்சகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்பா செருப்பு போட்டுக்கொண்டார். “அம்மாவே திட்டும்” என்று அவராகவே சொன்னார்.

மே 19
காலையில் கட்டு லேசாக ஈரம். காய்ச்சல் இல்லை. ஏழு மணிக்கு டோக்கன் போடணும், அத்தையும் வருகிறாள்.