பிடியரிசி

ஏப்ரல் 2, 2025, புதன்

அம்மாவுக்கு இன்றும் பேச்சு வரவில்லை. வலது கை போர்வையின் மேல் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

துணி மாற்றிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் கணவனும் மனைவியும் ஒரு பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம். மகனின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டதாம். ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்று இருக்கும் தனிப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். "கல்மண்டபத்தில் டீச்சரம்மா வீடு என்று கேளுங்கள்" என்று வார்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டீச்சரம்மாவும் அதே ஸ்டான்லியில்தான் படுத்திருக்கிறார் என்பது சொன்னவருக்குத் தெரியாது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அந்தப் பெண் உடனே எழுந்து பையைத் தூக்கிவிட்டார். கிளம்பிவிடுவார்களே என்று நான்தான் பதறி, உள்ளே வாருங்கள் என்றேன். மூன்று டம்ளர் அரிசி போட்டேன். போதவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

உலை வைக்கும்போதெல்லாம் இல்லாதவர்களுக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடும் பிடியரிசிப் பானையில் ஒன்பது நாட்களாக எதுவும் விழவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம், விரல்களைத் திரும்பப் பொருத்திக்கொண்ட ஒருவர் எங்கள் வீட்டில் நாற்பது நாள் தங்கினார். அவருக்குக் கட்டில், எனக்கு அடுப்படியில் பாய். வீக்கம் வடிய வேண்டும் என்று கட்டுப்போட்ட கையை இரவும் பகலும் தலையணைகளின் மேல் உயர்த்தியே வைத்திருப்பார். தலையணைகளும் எங்களுடையவை. அம்மா சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டுவார். முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு என் அம்மா ஊட்டுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரியும். ஒருநாள் கத்தியேவிட்டேன்: "இது வீடா, சத்திரமா?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சத்திரம்தான் பாப்பா. இடமில்லை என்று சொல்லாத சத்திரம்." கோபமே இல்லாமல் சொன்னார். பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லாமல் போன கதையை ஓய்வுநாள் பள்ளியில் ஒவ்வொரு டிசம்பரும் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா. அப்போது எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்துதான் அழுதேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாட்கள் இப்போது வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

மூக்குக் குழாயை எடுத்துவிடலாமா என்று நாளை மறுநாள் பார்ப்பார்களாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று பார்க்கவில்லை. திங்கட்கிழமை என்கிறார்கள்.

மாலையில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்து ஜெபித்தார்கள். போகும்போது, பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனை முடிந்து கொடுக்கும் கஞ்சியை இந்த வருடம் வெளியில் செய்யச் சொல்லிவிடலாமா என்று மெல்லக் கேட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அம்மா காய்ச்சுகிற கஞ்சி. நான் காய்ச்சுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

எத்தனை படி அரிசி? பீரோ, பைபிளுக்குள் இருக்கும் சீட்டுகள், பழைய டைரி என்று எல்லாவற்றிலும் தேடினேன். யார் யாருக்கு எப்போது அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் பிரசவம், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். அளவு மட்டும் எங்கும் இல்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலைச் சிலுவை ஒன்றை இடது கையில் கொடுத்தேன். மாலை வரை கீழே வைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் இப்போதைக்குக் கூடாதாம், புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியைக் கால் கரண்டி, கால் கரண்டியாகத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் இன்று தொடங்கிவிட்டது. இனி ஜூன் 14 வரை 61 நாட்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த நாட்களுக்கென்று அம்மா தனியாக ஒரு மூட்டை அரிசி வாங்கிவைப்பார். வேலையில்லாத படகுத் தொழிலாளிகள் யாராவது வருவார்கள். இன்று இரண்டு பேர் வந்தார்கள், சாப்பிட அல்ல. "டீச்சரம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை என் கையில் வைத்தார்கள். வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

மூட்டை வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் அம்மா இடது கை விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பசிக்கிறது என்று நினைத்துக் கரண்டியை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் அதே சைகை. பிறகு விரலை நீட்டினார். பக்கத்துக் கட்டிலில் மாமியாருக்குத் துணையிருக்கும் பெண், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நேற்று மதியத்திலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே இப்போதுதான் உறைக்கிறது.

கீழே போய் இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கேட்டேவிட்டேன். "அம்மா, நாளைக் கஞ்சிக்கு எத்தனை படி?"

ஐந்து விரல். மீண்டும் ஐந்து விரல். பத்துப் படியா என்றேன். ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, கையை இறுக மூடிக் காட்டினார். ஒன்றும் வேண்டாம் என்கிறாரோ, வலிக்கிறதோ என்று குழம்பி நர்ஸைக்கூடக் கூப்பிட்டுவிட்டேன். அம்மா கையைத் திறக்கவே இல்லை. நான் புரிந்துகொள்ளும்வரை அப்படியே மூடிப் பிடித்திருந்தார்.

பத்துப் படி, மேலே ஒரு பிடி.

இரவு வீட்டுக்கு வந்ததும் பானையில் பிடியரிசி போட்டேன். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, விடியற்காலை 4 மணி

பயறு ஊறியிருக்கிறது. முதுகுளத்தூர் அக்கா பூண்டு உரித்து முடித்துவிட்டார். அவருடைய மகனுக்கு நேற்றுக் கட்டைவிரல் அசைந்ததாம். தேங்காய் இன்னும் துருவவில்லை, துவையலுக்குப் புளி போதுமா தெரியவில்லை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.