முந்தி வந்தால் இரட்டை அபராதம்

என் மாமனார் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குக்கர் மூன்றாவது விசில் அடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக்கூடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். "ஞாயிற்றுக்கிழமை கார் ராலிக்குப் போகிறேன், மாமாதான் எனக்கு வழிகாட்டி" என்று நான் சொன்னதும் என் கணவர் சிரித்தார். ராலி என்றால் அவருக்குப் புழுதி பறக்கவேண்டும்.

எங்கள் ராலியில் புழுதி கிடையாது. ஒரு தாள் கட்டைக் கையில் கொடுப்பார்கள். எந்த வழி, எந்தச் சராசரி வேகம் என்று அதில் இருக்கும். வழியில் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார், அதுதான் சாவடி. எங்கே என்று சொல்லமாட்டார்கள். அந்த இடத்தைச் சரியான நிமிடத்தில் கடக்கவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு புள்ளி அபராதம். ஒரு நிமிடம் முந்தினால் இரண்டு புள்ளி. குறைவாக வாங்கியவர் ஜெயித்தார். இதற்குத் தனி வண்டியோ தலைக்கவசமோ வேண்டாம். நான் ஓட்டியது அலுவலகத்துக்குப் போய்வரும் பழைய ஆல்ட்டோதான்.

வேகப் பந்தயம் என்று யாரும் பயப்பட வேண்டாம். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு பாயும். எங்கள் தாளில் மலைப்பாதைக்குப் போட்டிருந்த வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். ஏற்காடு பஸ்ஸே எங்களை முந்திப் போயிற்று.

வந்தவை நான்கு கார்கள். எல்லாரும் அலுவலக நண்பர்களும் அவர்கள் வீட்டாரும். சென்ற முறை ஜெயித்தவர்தான் இந்த முறை தாளைத் தயாரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கைபேசி வரைபடம் கூடாது.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் காலை ஆறு மணிக்குத் தாளைக் கொடுத்தார்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் தூரம், பக்கத்தில் ஒரு சின்னப் படம். படத்தின் அடியில் ஒரு புள்ளி, நாம் வரும் பக்கம். அம்புக்குறி, நாம் போகவேண்டிய பக்கம். மற்ற சாலைகள் வெறும் கோடுகள். இதற்குத் துலிப் படம் என்று பெயர். நெதர்லாந்தில் 1949 முதல் நடந்துவரும் துலிப் ராலியிலிருந்து வந்த பெயர். "பூ எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் மாமா. பூ இல்லை என்றேன். "சரி, சாலை இருந்தால் போதும்."

கணக்கு அவருக்கு அல்வா. 36 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு நூறு விநாடி; 30 என்றால் இரண்டு நிமிடம்; 24 என்றால் இரண்டரை. பேனாவே தேவைப்படவில்லை. நான் சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், கணக்கு எழுதுகிறவள், எனக்குக் கால்குலேட்டர் வேண்டும்.

ஆனால் கணக்குக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. வண்டியின் மீட்டரும் தாள் தயாரித்தவர் வண்டியின் மீட்டரும் ஒரே மாதிரி ஓடாது. டயர் தேய்ந்திருந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் ஒரு சோதனைத் தூரம் தருவார்கள். அடிவாரத்துக்கு முன்னால் ஒரு மைல்கல், தாளில் 6.0, எங்கள் மீட்டரில் 6.2. இருநூறு மீட்டர்தானே என்று விட்டுவிட்டால் 24 கிலோமீட்டர் போவதற்குள் எண்ணூறு மீட்டர் பிசகிவிடும். மாமா தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் திருத்தின எண்ணைப் பென்சிலால் எழுதினார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு ஒவ்வொரு வளைவிலும் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றம். வளைவு முடிந்த இடத்திலெல்லாம் அழுத்தினேன். மாமா "மெதுவாகக் கண்ணு, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேட்கவில்லை. பதினெட்டாம் வளைவைத் தாண்டியதும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் அலுவலகக் காசாளர். இரண்டு நிமிடம் முன்னால். சாவடி கண்ணில் பட்ட பிறகு நிற்கக் கூடாது என்பது விதி, ஆகவே வேறு வழியும் இல்லை. நான்கு புள்ளி.

"முந்தினதற்கு எதற்கு இரட்டை அபராதம், அநியாயமாக இல்லையா?" என்று புலம்பினேன்.

"தாமதமாக வருகிற பஸ்ஸை ஜனங்கள் திட்டிக்கொண்டே ஏறிவிடுவார்கள்" என்றார் மாமா. "முன்னாலேயே போய்விட்ட பஸ்ஸில் யார் ஏறுவது? ஐந்து மணி வண்டி நாலு ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினால், சரியாக வந்தவன்தான் தெருவில் நிற்பான்."

அதன்பிறகு நான் அழுத்தவில்லை. ஏரிக்கரைச் சாவடியில் ஒரே நிமிடம்தான் தாமதம்.

அங்கே மிளகாய் பஜ்ஜியும் காப்பியும். மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டு லூப் ரோட்டில் இறங்கினோம். ஏறத்தாழ 32 கிலோமீட்டர் சுற்று. காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நாகலூர்ப் பக்கம் லேசான பனிமூட்டம். நான் பார்த்தேன், மாமா பார்க்கவில்லை. அவர் தாளை மட்டுமே பார்த்தார். 18.0இல் இடதுபக்கம் பிரியவேண்டும். மீட்டர் 18.0 காட்டியது, இடதுபக்கம் ஒரு சாலையும் இருந்தது, திரும்பினேன்.

சாலை போகப்போக ஒடுங்கிற்று. கடைசியில் ஒரு இரும்புக் கதவு. உள்ளே களத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்கள், இந்தப் பக்கம் நாங்கள். மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் வெள்ளையாக இருந்தது. முதல் பாதிக்குத்தான் பென்சிலால் திருத்தம் எழுதியிருந்தார். பஜ்ஜி சாப்பிட்டதில் இரண்டாம் பாதி மறந்துபோயிற்று. சரியான பிரிவு எங்கள் மீட்டருக்கு 18.6இல் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

திருப்ப இடமில்லாமல் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்ததில் ஏழு நிமிடம் போயிற்று. வேகமாகப் போய்ச் சரிக்கட்டலாமா என்று கேட்டேன். "போனது போனதுதான். எழுதிக்கொள்ளட்டும்" என்றார். முகம் மட்டும் சுண்டிவிட்டது.

மொத்தம் பன்னிரண்டு புள்ளி, நான்கில் மூன்றாம் இடம். ஜெயித்தவர்கள் வாங்கியது ஐந்து. நான்காவது கார் கடைசிச் சாவடிக்கே வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டது.

மாலையில் இறங்கி வந்து அடிவாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. மாமா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கடைக்காரரிடம் அது எத்தனை மணி வண்டி என்று கேட்டார். தம்ளரை வைத்துவிட்டு நேராக நடத்துநரிடம் போனார்.

"நாலு நிமிடம் முன்னால் வந்திருக்கிறாய் தம்பி" என்றார். "கொஞ்சம் நில்."