குமிழித்தூம்புக் கல்லும் கிராம சபையும்: வரலாற்றுத் துறைகளுக்குச் சில குறிப்புகள்

கல்லூரி வரலாற்றுத் துறை ‘ஊருக்குள் போகிறது’ என்றால் பெரும்பாலும் ஒரு பேருந்து, ஒரு பேனர், ஒரு குழுப்படம். அதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. அவர்களுக்கும் வேலை உள்ள ஒன்றாகச் செய்ய வேண்டுமானால், கோயில் கல்வெட்டை விட்டுவிட்டு கண்மாய்க்குள் நிற்கும் கல்லில் தொடங்கலாம்.

புதுக்கோட்டை வட்டாரக் கண்மாய்களில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீர்ப்பிடிப்புக்குள் இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித்தூம்பு. தூண்களுக்கு அடியில் கல்தொட்டி. அதன் மேல்மூடியில் உள்ளது நீரோடித் துளை, கீழே பக்கவாட்டில் இருப்பவை சேறோடித் துளைகள். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தெளிந்த நீரும், அதன் இழுவையில் அடிச்சேறும் சேர்ந்து சுரங்கக் கால்வாய் வழியாகக் கரைக்கு வெளியே வந்துவிடும். தனியாகத் தூர்வார வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை தண்ணீரே பார்த்துக்கொண்டது. இந்தத் தூண்களில் சிலவற்றில் எழுத்து உண்டு. பெரும்பாலும் நாலைந்து வரி: இன்ன அரசரின் இத்தனையாவது ஆண்டில் இன்னார் இந்தக் குமிழியைச் செய்வித்தார். மாணவர்கள் ஒரே நாளில் படியெடுத்துப் படித்து முடிக்கத் தோதான அளவு.

சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றினால்தான் தூணின் அடிவரை நெருங்க முடியும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வரும். தேர்வு அட்டவணை வந்த அன்றே களப்பணி நாளையும் குறித்துவிடுங்கள்.

போவதற்கு முன், 1929-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுப் பாடத் தொகுதியில் அந்த ஊர்ப் பெயரைத் தேடுங்கள். தொகுதியில் ஏற்கெனவே இருக்கும் கல்வெட்டை ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று நாளிதழுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வெட்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. இருந்தாலும் பாதகமில்லை, பழைய பாடத்தோடு இன்றைய கல்லை ஒப்பிட்டு, எத்தனை எழுத்து சிதைந்திருக்கிறது என்று பார்ப்பதும் நல்ல வேலைதான். அனுமதிக்கு முதலில் பார்க்க வேண்டியது ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய் பாயும் நிலப்பரப்பு. 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

இனி மைப்படி, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது. காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறியதும் தாள் ஓரத்திலிருந்து காய்ந்து கிளம்பிவிடும், காற்று அடித்தால் மொத்தமாகப் போய்விடும். கல்லில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரும் தேங்காய்நார் பிரஷும் கொண்டு கழுவினால் போதும். கம்பி பிரஷ், கத்தி, ஆசிட் எதுவும் ஆகாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மைதா, பெயிண்ட் பூசுகிற பழக்கத்தை ஊர்க்காரர்களிடமும் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மேப்லித்தோ தாளை (அச்சுக்குப் பயன்படும் வெள்ளைத் தாள்) எழுத்துப் பரப்பைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, நனைத்து, கல்லின் மேல் விரிக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழியைத் தள்ளிவிட்டு, பிரஷால் செங்குத்தாகத் தட்டிக்கொண்டே வந்தால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். தேய்த்தால் கிழியும், தட்ட மட்டுமே வேண்டும். கிழிந்த இடத்தில் ஈரத்துண்டுத் தாளை வைத்து மறுபடி தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பொறுமை. தாளின் நீர்மினுக்கம் போய், தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும் பதம் வரும்வரை மை தொடக்கூடாது. பத்தில் எட்டு படிகள் கெடுவது இங்கேதான் என்று சொல்லலாம், அவ்வளவு அவசரம் எல்லோருக்கும். ஈரத்தில் மை வைத்தால் தாளுக்குள் ஊறி எழுத்துப் பள்ளமும் கறுத்துவிடும், கல்லிலும் கறை இறங்கும். புகைக்கரியும் பிசினும் கலந்த மையைத் தட்டையான பலகையில் தடவி, பஞ்சு அடைத்த துணித்திண்டை அதில் ஒற்றி, பழைய தாளில் ஒருமுறை ஒற்றி மிச்சத்தைக் கழித்துவிட்டு, அதன் பிறகே கல்லுக்கு வாருங்கள். மெல்ல, இரண்டு மூன்று சுற்று. தளம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும். முழுக்கக் காயும் முன் மேல் விளிம்பிலிருந்து உரித்து, பின்பக்கத்தில் ஊர், கண்மாய், எந்தத் தூண், எந்தத் திசை முகம், தேதி எல்லாம் பென்சிலால் எழுதிவிடுங்கள். இதை வண்டியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட படிகள் எந்தக் கல்லுடையவை என்றே தெரியாமல் துறை அலமாரிகளில் கிடக்கின்றன. சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்.

தேய்ந்த கல்லுக்கு மைப்படியைவிட இரவில் டார்ச் நன்றாக உதவும். ஒளியைக் கல்லோடு உரசுகிற மாதிரி பக்கத்திலிருந்து அடித்து, நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள்.

படிக்கும்போது மாணவர்கள் சறுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்பட்டிருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்து அரசர் பெயர் இல்லை என்றால், அது சோழரில் ஒன்றுவிட்டு ஒருவர் தாங்கிய பட்டம். எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்து நூற்றாண்டு சொல்லலாமே தவிர ஆளைச் சொல்ல முடியாது. ஊருக்கு மகிழ்ச்சியாக இருக்குமே என்று ராஜராஜனையோ ராஜேந்திரனையோ கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

கல் அவ்வளவுதான் சொல்லும். தூம்பைத் திறந்தவர் யார், எந்த வயலுக்கு முதல் தண்ணீர், பஞ்சத்தில் பங்கு எப்படி என்பதெல்லாம் மனிதர்களிடம் இருக்கிறது. மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த வேலையைச் செய்த குடும்பத்தைத் தேடிப் போங்கள். பல ஊர்களில் அவர்கள் வீடு கோயில் தெருவில் இருக்காது. கோயில் திண்ணையிலேயே ஒலிப்பதிவை முடித்துக்கொண்டு வருகிற துறை, நிலம் வைத்திருந்தவர்கள் சொன்ன வரலாற்றை மட்டும் வாங்கி வருகிறது. காலம் முச்சூடும் தண்ணீருக்குள் இறங்கியவர் சொல்லும் கணக்கு வேறாக இருக்கும்.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். ‘தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா பிந்தியா?’, ‘எம்ஜிஆர் செத்த வருஷம் கண்மாய் நிறைஞ்சதா?’ என்று கேளுங்கள். 1964, 1987 உங்கள் நோட்டில் தானே வந்து உட்காரும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் முதியவர்களைப் பேச வைக்க வேண்டாம். எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பதிவின் கடைசியில் அவர்கள் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தகராறு பழைய கதையாக முடிந்துபோவதில்லை.

படித்ததை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று பத்திகளாக ஒரு தாள் போதும்: கல்லில் உள்ளபடி, இன்றைய எழுத்தில், பொருள். கரையில் கூடியிருக்கும்போது ஊர்க்காரர் ஒருவரே உரக்கப் படிக்கட்டும். பிளெக்ஸ் வேண்டாம், அடுத்த கோடையில் அது கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிடும். ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், மடை பார்த்த குடும்பம் மூன்றிடத்திலும் ஒவ்வொரு தாள் இருக்கட்டும்.

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சித்திரை முதல் பாதியிலேயே படியெடுத்து முடித்தால், தூணைக் காக்கும் தீர்மானத்துக்கு மே 1 கூட்டமே தோது. தூர்வார பொக்லைன் இறங்கும்போது முதலில் சாய்வது இந்தத் தூண்கள்தான். ஓட்டுநருக்கு அது வெறும் கல். கண்மாயின் சர்வே எண், கரையிலிருந்து தூணுக்கு எத்தனை மீட்டர், ஒரு படம், ‘இதைச் சுற்றி மண் வெட்டக்கூடாது’ என்ற ஒரு வரி ஆகிய நான்கும் தீர்மானத்தில் ஏற வேண்டும். தீர்மான நகலை வேலை எடுத்த ஒப்பந்ததாரரிடமும் கொடுத்துவிடுங்கள்.