பின்சுவர் இல்லாத கோட்டை

சல்லிவன் தீவு, மார்ச் 9, 1776
இன்றும் கோட்டைச் சுவருக்கு மரம் வந்தது. அக்கம்பக்கத் தீவுகளில் வெட்டித் தெப்பமாகக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். எல்லாம் பால்மெட்டோ, பனை மாதிரி ஒரு மரம். கோடாலி விழுந்தால் சில்லு தெறிப்பதில்லை, பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தால் சார்ல்ஸ்டவுன் துறைமுகத்தை இதை நம்பியா விடப்போகிறோம்?

மார்ச் 21
கை முழுக்கக் கொப்புளம்.

ஏப்ரல் 14
இரண்டு வரிசை மரச்சுவர், நடுவே 16 அடி, அதற்குள் மணல். கொட்டக் கொட்ட உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ரெஜிமென்ட்காரர்களும் சுமக்கிறோம். ஆனால் பெரும்பாடு அடிமைகளுக்குத்தான். எங்களுக்கு ஆள் மாற்றுவார்கள், அவர்களுக்கு மாற்றுவதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கப்பல்களில் இறங்குகிறவர்களை நோய் பார்த்து அடைத்துவைத்ததும் இதே தீவில்தான். அப்படிக் கரையேறியவர்களில் எத்தனை பேர் இன்று இந்த மணலைச் சுமக்கிறார்களோ. போன டிசம்பரில் பிரிட்டிஷ் கப்பலில் ஏறித் தப்பிவிடலாம் என்று இங்கே வந்து ஒளிந்திருந்த அடிமைகளை நம் ஆட்களே தாக்கினார்கள். தினமும் சுதந்திரம் சுதந்திரம் என்கிறோம். ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஜூன் 1
கப்பல்கள். ஐம்பதுக்குக் குறையாது என்கிறார்கள்.

கடலைப் பார்த்த பக்கம்தான் முடிந்திருக்கிறது. பின்பக்கம் பாதியில் நிற்கிறது.

ஜூன் 9
எங்கள் படைகளுக்கெல்லாம் மேலே இருக்கிற ஜெனரல் லீ வந்து பார்த்தார். இது கோட்டையில்லை, கசாப்புக் கொட்டடி என்றாராம். பின்வாங்க எதிர்க்கரையிலுள்ள ஹாட்ரெல் முனைக்குப் பாலம் வேண்டுமாம். கோட்டைப் பொறுப்பிலுள்ள கர்னல் மூல்ட்ரி அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கப்பல்கள் அரைமணி நேரத்தில் சுவரை இடித்துவிடும் என்று ஒரு மாலுமி சொன்னதற்கு, இடிபாட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அவர்களைக் கரையேற விடாமல் தடுப்போம் என்றாராம். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் என் பயம் முன்சுவரைப் பற்றி இல்லை. ஒரே ஒரு கப்பல் மேற்கே கடந்துபோய்த் திரும்பி நின்றால் போதும். பீரங்கி மேடையில் நிற்கிற அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். லீ இதைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை.

ஜூன் 18
பிரிட்டிஷ் ஜெனரல் கிளிண்டனின் படை பக்கத்து லாங் தீவில் இறங்கிவிட்டது. நடுவில் ஒரு நீர்வழிதான். இந்தக் கரையில் கர்னல் தாம்சனின் ஆட்கள்.

ஜூன் 22
அம்மாவிடமிருந்து கடிதம். படகுத்துறைக் கிடங்குகளை இடித்துவிட்டார்களாம். குண்டு வார்க்க வீட்டு ஜன்னல்களின் ஈயத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார்களாம். பத்திரமாக இரு என்று எழுதவில்லை. அதுதான் என்னவோ செய்கிறது.

ஜூன் 25
வெடிமருந்து பீரங்கிக்கு 28 தடவை சுடத்தான் காணும். பின்பக்கம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 27
நங்கூரம் எடுத்தார்கள். காற்று மாறியது. மறுபடி போட்டுவிட்டார்கள்.

ஜூன் 29
உயிரோடு இருக்கிறேன். காது இன்னும் அடைத்திருக்கிறது.

நேற்றுக் காலை சண்டை தொடங்கியது, ராத்திரி ஒன்பதைத் தாண்டித்தான் ஓய்ந்தது. பிரிஸ்டல், எக்ஸ்பெரிமென்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் நேர் எதிரே, ஒவ்வொன்றிலும் 50 பீரங்கி. சுவர் ஒவ்வொரு குண்டுக்கும் அதிர்ந்தது. பிளக்கவில்லை. குண்டுகள் உள்ளே போய்ப் புதைந்தன. வெடிகுண்டுக் கப்பல் எறிந்தவை கோட்டை நடுவே உள்ள சேற்றில் விழுந்து அவிந்தன. மார்ச்சில் நான் திட்டிய அதே மரம்.

மதியம் மூன்று கப்பல்கள் பிரிந்து மேற்கே திரும்பின. நான் பார்த்தேன். இத்தனை வாரம் எந்த இடத்தை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ அந்த இடத்துக்கு நேரே. கை நடுங்கி வெடிமருந்துப் பையைத் தவறவிட்டேன். மூன்றும் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டன. எங்கள் திறமை அதில் ஒன்றுமே இல்லை, அந்தத் திட்டுதான்.

பிறகு மருந்து தீர்ந்து பீரங்கிகள் அடங்கின. சும்மா நின்றுகொண்டு குண்டு வாங்குவதைப் போலக் கொடுமை வேறில்லை. மாகாணத் தலைவர் ருட்லெட்ஜ் 500 பவுண்டு வெடிமருந்து அனுப்பியதும்தான் மூச்சு வந்தது. கொடி அறுந்து வெளியே விழுந்தபோது சார்ஜென்ட் ஜாஸ்பர் சுவரைத் தாண்டிக் குதித்து எடுத்துவந்து, பீரங்கி துடைக்கும் கழியில் கட்டி நட்டார். கிளிண்டன் ஆட்களால் அந்த நீர்வழியைக் கடக்கவே முடியவில்லை.

திட்டில் ஏறிய மூன்றில் ஒன்றான ஆக்டியானுக்கு இன்று காலை அவர்களே தீ வைத்துவிட்டுப் போனார்கள். மற்ற இரண்டும் திட்டிலிருந்து மீண்டுவிட்டன.

செத்தவர்களின் பெயரை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஜூன் 30
கப்பல்கள் இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான். மரம் வேண்டும் என்றார்கள். நாளைக்குத் தெப்பம் கொண்டுவர நானும் போகிறேன்.