நிஷிகசாயில் பட்டுப்புடவை

டோக்கியோவின் நிஷிகசாய்க்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வருகின்றன. ஜூன் மாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கல்யாணப் புடவைகளைப் பெட்டியில் கொண்டுவரும் பெண்களிடம் நான் முதலில் பேசுவது அதைத்தான்.

டோக்கியோவில் சூயு என்னும் மழைக்காலம் ஜூன் முற்பாதியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதியைத் தாண்டியும் நீடிக்கும். நம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும். இது ஓயாமல் நசநசவென்று தூறும். வெயில் தலைகாட்டாது. காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றுவிட்டால், துணியில் ஒட்டியிருக்கும் வியர்வையும் கஞ்சியுமே பூசணத்துக்குப் போதும். அது முதலில் பிடிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: பிளவுஸின் அக்குள், கொசுவத்தை இடுப்பில் செருகும் பகுதி, ஈரத் தரையில் உரசிவரும் ஃபால்ஸ் தைத்த கரை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மாவு தூவியதுபோல் வெண்மையாகத் தெரியும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால், பால்கனிக்கு எடுத்துப்போய், உலர்ந்த மெல்லிய துணியால் தட்டிவிட்டு நிழலில் காற்றாட விட்டுவிடலாம். ஈரத்துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. மஞ்சளாகக் கறை படிந்துவிட்டால் நம் கையில் எதுவும் இல்லை. பட்டுக்குப் பழகிய சலவைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய அடுக்குமாடி வீடுகளில் ஓஷீரே என்ற சுவர் அலமாரி இருக்கும். மெத்தைகளை மடித்து வைப்பதற்கானது என்பதால் ஆழம் அதிகம், நடுவே ஒரு தட்டு, முன்னே தள்ளுகதவுகள். பின்சுவர் பெரும்பாலும் கட்டடத்தின் வெளிச்சுவர். அங்கேதான் ஈரம் குளிர்ந்து நீராகப் படியும். ஆகவே பட்டுக்கு மேல்தட்டு. கீழ்த்தட்டில் பாத்திரமோ சூட்கேஸோ போதும். சுவரை ஒட்டி எதையும் வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சுனோகோ என்று மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடித்த பலகை விற்கிறார்கள், அதைப் பெட்டிகளுக்கு அடியில் போடலாம். மழை நின்ற நாளில் கதவை இருபுறமும் சற்றுத் தள்ளிவைத்து மின்விசிறியை அலமாரியை நோக்கித் திருப்பிவிடுவேன்.

கடைகளில் கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஈரத்தை உறிஞ்சி டப்பாவுக்குள் தண்ணீராகச் சேர்க்கும், நல்ல பொருள்தான். ஆனால் ஈரம் கீழே தங்குவதால் அலமாரியின் தரையில் வைக்க வேண்டும், புடவைக்கு மேலே ஒருபோதும் வேண்டாம். கவிழ்ந்தால் அந்தத் திரவம் துணியைக் கெடுத்துவிடும். பூச்சி மருந்துகள் வேறு கதை. அவை அந்துப்பூச்சியைத் தடுக்குமே தவிரப் பூசணத்தைத் தடுப்பதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பாச்சை உருண்டையையும் இங்கே வாங்கிய கற்பூர வில்லையையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் இளகித் துணியில் கறையாக இறங்கும். எதைப் போட்டாலும் ஒன்றை மட்டும் போடுங்கள், ஜரிகையில் படாமல்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் தம் கிமோனோக்களைக் காக்கும் விதத்தைப் பார்த்த பிறகு, பட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் என்னைவிட்டுப் போனது. சூயு முடிந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்க வேண்டும். அதன்பின் காலை பத்து மணி வாக்கில், வெயில் நேராகப் படாத அறையில் ஒவ்வொன்றாக விரித்துத் தொங்கவிடுகிறார். பிற்பகல் ஈரம் ஏறுவதற்குள் மடித்துக் காகித உறையில் வைத்துவிடுகிறார். முஷிபோஷி என்பார்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மறுபடி உண்டு. நாராவில் 8ஆம் நூற்றாண்டு அரசப் பொருள்களைக் காத்துவரும் ஷோசோயின் களஞ்சியமும் ஆண்டுதோறும் காற்று உலர்ந்திருக்கும் இலையுதிர் காலத்தில்தான் திறக்கப்படுகிறது. இந்த ஊர் பட்டை எவ்வளவு மதிக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நானும் அதே நாட்களில் என் காஞ்சிபுரங்களை வெளியே எடுக்கிறேன். பழைய மடிப்பிலேயே மடித்தால் ஜரிகை இற்றுவிடும் என்று அம்மா சொல்லுவாள், அதனால் மடிப்பை மாற்றி, அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்த துண்டுகளில் சுற்றி வைக்கிறேன். சலவைக் கடை போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிட வேண்டும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியேற வழியில்லை. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் கம்பளித் துணிக்குச் சரி, ஜரிகைக்கு வேண்டாம். பருத்திப் புடவைகளை வெகுநாள் வைப்பதானால் கஞ்சி போகும்படி அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். உடுத்தும்போது புதுக்கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் டோக்கியோக் காற்று வறண்டிருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வழிவது அதுதான். வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரியின் முதுகிலும் அதுவே படிகிறது. ஜனவரியிலும் ஒருமுறை கையை விட்டு அந்தச் சுவரைத் தடவிப் பாருங்கள்.